அலறல் அக்காவின் இருமல்

அவர் அலறியதை முதன்முதலில் கேட்ட அன்று நான் கையில் துடைப்பத்தோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். குடிவந்து மூன்றாவது நாள். நாலாவது மாடியில் இரண்டே வீடுகள், கதவுகள் எதிரெதிராக, உள்ளே ஒரு சுவர் பொதுவாக. பட்டப்பகல் மூன்று மணி. ஒரு பெண்ணின் கழுத்தில் யாரோ கத்தி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். போலீசைக் கூப்பிடலாம்தான். ஆனால் வெளியிலிருந்து வந்தவன் போலீசைக் கூப்பிட்டால் அவர்கள் முதலில் கேட்பது அவனுடைய காகிதங்களை. அதனால்தான் துடைப்பம்.

கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் ஆவி பறக்கும் வெந்நீர்.

"என்ன தம்பி, பெருக்க வந்தீங்களா?"

"இல்லீங்க... சத்தம் கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"எதுங்க?"

"அலறல்தான். நிஜம் மாதிரி இருந்துச்சா, நடிக்கிற மாதிரி இருந்துச்சா?"

"நிஜம்னு நம்பித்தானே ஓடி வந்திருக்கேன்."

"அப்ப சரி." அவர் முகத்தில் ஒரு திருப்தி. "வந்தது வந்துட்டீங்க, வாசலைப் பெருக்கிட்டுப் போங்க." கதவு மூடிக்கொண்டது.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அலறல் அக்கா. பேய்ப்படங்களில் கதாநாயகி வாயைத் திறப்பாள், சத்தம் இவருடையதாக இருக்கும். இருபத்தாறு வருடங்களாக இதுதான் தொழில். அதற்கு முன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றதில் ஒரு சவுண்ட் இன்ஜினியர் தன் பேருந்தையே விட்டுவிட்டு, சண்டை போட அறிவிப்பு அறைக்கு ஏறி வந்தாராம். சண்டை முடிவதற்குள் வேலை கொடுத்துவிட்டார்.

"முதல் நாள் நாலு மணி நேரம் கத்தினேன். எலியைப் பாத்த மாதிரிதான் வந்துச்சு. இன்ஜினியர் தலையில கை வெச்சிட்டு உக்காந்துட்டார்" என்று ஒருநாள் சொன்னார். "அப்புறம் எங்கண்ணனை நெனச்சேன்."

அவருக்கு அண்ணன் ஒருவர்தான் உறவு. பெற்றோர் போன பிறகு தங்கையை வளர்த்தவர். வேறு ஊரில் மாவு ஆலையில் வேலை. அக்காவுக்கு இருபது வயதாக இருந்தபோது ஆலையில் மாவுத் தொட்டி சரிந்து அண்ணன் அடியில் சிக்கிக்கொண்டார். அக்கா ஓடிப் போய் ஆலை வாசலில் நின்றிருக்கிறார். காவலாளி உள்ளே விடவில்லை. அண்ணனை உயிரோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் நெஞ்சுக்குள் போன மாவு போனதுதான். பிறகும் அதே ஆலையில் அதே தூசியில் வருடக்கணக்காக வேலை பார்த்தார்.

"அன்னைக்கு அந்த கேட்ல நின்னு கத்தினேன் பாருங்க, அதைத்தான் மைக்ல எடுத்துக் குடுத்தேன். இன்னிய வரைக்கும் அதையேதான் குடுத்துட்டிருக்கேன். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கொறச்சு."

பேய்களைப் பற்றி அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வாடகை தாறுமாறாக ஏறிய வருடங்களில் வந்த படங்களில் எல்லாம் பேய் வீட்டைக் காலி செய்ய மறுத்ததாம். ஆபீஸ்களில் ஆட்களை வெளியே அனுப்பிய வருடங்களில் பேய் லிப்டுக்குள் வந்து நின்றதாம். "ஊரு எதுக்குப் பயப்படுதுன்னு தெரிஞ்சுக்க பேப்பர் படிக்க வேண்டியதில்ல தம்பி. என்கிட்ட என்ன மாதிரி அலறல் கேக்குறாங்கன்னு பாத்தாப் போதும். யாராவது வாங்கன்னு கத்துறது ஒண்ணு. யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சு கத்துறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் தொண்டையில வேற வேற எடம்."

என் தொழிலும் படம்தான். இரண்டு மொழி படித்ததால் கிடைத்த பிழைப்பு. பாத்திரங்கள் பேசுவதை மற்ற மொழியில் திரைக்கு அடியில் எழுதிப் போடுவது. அக்காதான் தன் இன்ஜினியரிடம் சொல்லி எனக்கு இந்த ஊரில் முதல் வேலை வாங்கிக் கொடுத்தார். கட்டடத்தில் என் பெயர் 'அடியெழுத்து' ஆகிவிட்டது.

அப்புறம் காய்ச்சல் வந்தது.

முதல் வாரத்திலேயே கட்டடத்தின் வெளிக்கதவைப் பூட்டினார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே, புதிதாக ஒரு ஆள் நுழையக்கூடாது. யாருக்காவது இருமல், சூடு என்று தெரிந்தால் வெள்ளை வண்டிக்குச் சொல்ல வேண்டும். வண்டி வந்து அந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் முகாமுக்கு ஏற்றிப் போகும். இருபத்தொரு நாள். ஒரு கூடத்தில் முப்பது கட்டில். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். அவரை 'டிக்கெட் சார்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். மனிதர்களைப் பார்க்கும்போதே அவர் கண் சட்டைப்பைக்குப் போகும். அவர் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். ஞாயிறுதோறும் ஒரு காகிதம் வீடு வீடாக வரும். அதில் உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். உங்கள் எதிர்வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். 'எதிர்வீட்டில் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, புது ஆள் இல்லை.' கீழே கையெழுத்து.

"முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்" என்றார். "நீ டிக்கெட் எடுத்தியான்னு கேட்டா எல்லாரும் எடுத்தேன்னுதான் சொல்லுவான். பக்கத்து சீட்டுக்காரன் மூஞ்சியைப் பாரு, உண்மை அங்க இருக்கும்."

அந்தக் காகிதம் வந்த நாளிலிருந்து கட்டடத்தின் காற்றே வேறாகிவிட்டது. கதவுகளில் இருந்த பார்வைத் துளைகளைத் துடைத்து வைத்தார்கள். குழாய் திறக்கும் சத்தத்தைக்கூட எண்ணினோம். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. காய்ச்சலே வெளியாட்கள் கொண்டு வந்ததுதான் என்று இரண்டாம் மாடியில் பேசிக்கொண்டார்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க இந்தக் கட்டடத்தின் சுகாதாரச் சான்று வேறு எனக்கு வேண்டும். மூன்றாவது வாரம் இரண்டு நாள் என் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினேன். தெர்மாமீட்டரை டிராயரில் போட்டுப் பூட்டினேன், அது போய் யாரிடமாவது சொல்லிவிடும் என்பது போல. அந்த ஞாயிறு காகிதத்தில் என் வீட்டு எண்ணுக்கு நேராக அக்காவின் கையெழுத்து எப்போதும்போல இருந்தது.

நாலாவது வாரம் எதிர்வீட்டில் இருமல் கேட்கத் தொடங்கியது.

முதலில் ஒரு முறை. பிறகு காலையில், மதியத்தில். சுவரைத் தாண்டி வரும் கனத்த இருமல். டிக்கெட் சார் மூன்றே நாளில் படி ஏறி வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி, முந்தானையால் மூடிய வாயோடு, ஆனால் கண்ணில் ஆர்வத்தோடு. பேய்ப்படம் ஒன்றுவிடாமல் பார்ப்பவர் அவர்.

"அம்மா, இருமல் கேக்குதுன்னு புகார்."

அக்கா கதவை ஒரு சாண் திறந்தார். "தொழில் சார். ஸ்டூடியோ எல்லாம் மூடிட்டாங்க. துணி பீரோவுக்குள்ள கம்பளியைத் தொங்கவிட்டு, அதுக்குள்ள உக்காந்துதான் ரெக்கார்டிங் பண்றேன்."

"உங்க தொழில் அலறல்தானே?"

"அது போன வருஷம். இப்ப அலறலுக்கு ஆளே இல்ல. எல்லாரும் இருமல்தான் கேக்குறாங்க."

"அதென்னம்மா பேய் இருமுறது?"

"சார், நீங்க இப்ப எதுக்காக நாலு மாடி ஏறி வந்தீங்க? நான் அலறினதுக்கா?"

டிக்கெட் சார் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் சிரித்தார். "எங்க, கொஞ்சம் இருமிக் காட்டுங்களேன்."

அக்கா வெந்நீர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். அடிவயிற்றிலிருந்து ஒரு ஆணின் குரலில் மூன்று இருமல். படிக்கட்டு முழுக்க உருண்டு இறங்கியது. எங்கோ கீழே ஒரு கதவு சட்டென்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

"ஐயோ, பேயே நேர்ல வந்த மாதிரி இருக்குங்க!" என்றார் மனைவி, ஆசையாக.

டிக்கெட் சார் ஒரு நிபந்தனை வைத்தார். பதிவு நடக்கும் நேரத்தில் ஏதாவது அடையாளம் வேண்டும். ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிவது போல. அக்கா உள்ளே போய் ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வந்து கதவுக் கைப்பிடியில் கட்டிக் காட்டினார். துண்டு தொங்கினால் வேலை, அவிழ்த்துவிட்டால் ஓய்வு. ஆக, எங்கள் நாலாவது மாடியில் சிவப்புத் துண்டு தொங்கும்போது மட்டும் இருமலாம் என்று ஒரு சட்டம் வந்தது.

அக்கா இருமல் கொடுத்த அந்தப் பேய்ப்படத்துக்கு அடியெழுத்துப் போடும் வேலையும் எனக்கே வந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடம். சுவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருமுகிறது. 'யாரது?' என்று கேட்டவரின் முகம் அதற்கு வந்துவிடும். படம் முழுக்க ஒருவர்கூட அலறுவதில்லை. அலறினால் அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து அலறியவரையே பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் கதாநாயகி தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறாள். அந்தப் பொத்திய மூச்சு அக்காவுடையது, சுவரின் இருமலும் அக்காவுடையது. நாற்பத்தொரு இடங்களில் நான் 'இருமல்' என்று எழுதினேன். எழுதும்போது என் சுவருக்குப் பின்னாலும் அதே இருமல் கேட்கும். எது படம், எது சுவர் என்று தெரியாமல் இரண்டு முறை காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியிருக்கிறேன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு பத்து. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இருமல் கேட்டது. நீண்ட இருமல், நிறுத்த முடியாத இருமல். வாயில் நுரையோடு பார்வைத் துளையில் கண்ணை வைத்தேன். எதிர்க்கதவின் கைப்பிடி வெறுமையாக இருந்தது. இருமல் ஓய்ந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்து, ஒரு கை வெளியே வந்து அவசர அவசரமாகச் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டு உள்ளே போனது.

இருமல் முடிந்த பிறகு துண்டு வந்தது.

அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. படத்தைத் திறந்து இருமல் வரும் இடங்களை மட்டும் போட்டுப் போட்டுக் கேட்டேன். அக்காவின் இருமல் மூன்று மூன்றாக வரும். அழகாக, அளந்த மாதிரி. சுவர் வழியே வருவதற்கு அளவு கிடையாது. அதன் கடைசியில் ஒரு விசில் வேறு, ஓட்டை விழுந்த ரப்பர் குழாயில் காற்று போவது போல. அந்த விசில் படத்தில் எங்குமே இல்லை.

பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. அவர் வீட்டு வாசலுக்கு வரும் பால் பாக்கெட் ஒன்றிலிருந்து இரண்டாகி மூன்று வாரம் ஆகிறது. வெந்நீர் தம்ளரோடு அவர் வாசலில் நின்று என்னிடம் பேசும்போதே உள்ளே குழாய் ஓடியிருக்கிறது. குழாய் ஓடியதும் அவர் குரலை உயர்த்தியிருக்கிறார். நான் அதைத் தொழில் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காகிதம் வந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய் எதிர்க்கதவைத் தட்டினேன்.

"அக்கா, உள்ள யாரு?"

அவர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "யாருமில்லையே."

"படத்துல விசில் இல்லக்கா."

அவர் கண் படிக்கட்டுப் பக்கம் போய் வந்தது. பிறகு கதவைச் சங்கிலி போட்ட நிலையிலேயே இன்னும் கொஞ்சம் திறந்தார். உள்ளே, துணி பீரோவின் திறந்த கதவுக்கு அருகே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு முதியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் அதே மூக்கு. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சிரிப்பு வந்தது அவருக்கு. சிரித்தால் இருமல் வரும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆலையை மூடிட்டாங்க. தங்கியிருந்த எடத்தையும் பூட்டிட்டாங்க. ரெண்டு நாள் நடந்தே வந்தாரு" என்றார் அக்கா. "கீழ தண்ணித் தொட்டி கழுவினாங்களே, முன்கதவைத் திறந்து போட்டுட்டு எல்லாரும் பின்பக்கம் நின்னீங்களே, அப்ப மேல கூட்டிட்டு வந்துட்டேன். இருமல் இன்னைக்கு நேத்தா? முப்பது வருஷ மாவு. எக்ஸ்ரே இருக்கு, காட்டவா?"

"முகாம்ல எக்ஸ்ரே காட்டலாமேக்கா."

"முகாம்ல எக்ஸ்ரே யாரு பாக்குறா? முப்பது பேருக்கு நடுவுல கொண்டுபோய்ப் போடுவாங்க. இல்லாத காய்ச்சல் அங்க வந்துடும். இந்த நெஞ்சு அதைத் தாங்குமா?" அவர் குரல் உயரவே இல்லை. ஊரையே நடுங்க வைக்கும் தொண்டை அது. "தம்பி, ஒரு தடவை கேட்டுக்கு வெளிய நின்னுட்டேன். இன்னொரு தடவை நிக்க மாட்டேன்."

நம்பினேனா? பாதி. காய்ச்சல்காரர்களின் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நான் நிற்கும் இடத்துக்கும் அந்த ஸ்டூலுக்கும் எத்தனை அடி என்று மனசு அளந்துகொண்டே இருந்தது. பொய்க் கையெழுத்து தெரிந்துபோனால் எனக்கு இந்த ஊரே கிடையாது.

"யோசிக்கிறீங்க" என்றார் அக்கா. "யோசிங்க. மூணாவது வாரம் ரெண்டு நாள் தலகாணியில இருமினீங்களே, அப்ப நானும் இந்தக் காகிதத்தை வெச்சிக்கிட்டு யோசிச்சேன்."

"உங்களுக்கு எப்படி...?"

"காது என் தொழில் தம்பி."

வாசலிலேயே காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போனது.

காகிதத்தை வாங்க வந்த டிக்கெட் சார் அந்தக் கோணலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"அடியெழுத்து சார், வியாழக்கிழமை காலையில மாடித் தொட்டியைப் பாக்க ஏறி வந்தேன். படியில நிக்கிறப்ப இருமல் கேட்டுச்சு. துண்டு இல்ல."

"கட்ட மறந்திருப்பாங்க சார்."

"இருக்கலாம். எனக்கும் காது இருக்கு. கடைசியில விசிலு மாதிரி ஒண்ணு வருது. அந்தம்மா அன்னைக்கு இருமிக் காட்டினதுல அது இல்ல." அவர் காகிதத்தை நான்காக மடித்தார். "வெள்ளிக்கிழமை அந்தப் படம் வருதாமே. வீட்டம்மா சொன்னா. பாக்குறேன். படத்துல இருக்கிற இருமலும் சுவத்துல கேக்குற இருமலும் ஒண்ணா இருந்துச்சுன்னா நான் கும்பிட்டுப் போயிடுறேன். இல்லேன்னா சனிக்கிழமை வண்டிக்குச் சொல்லிடுவேன். தப்பா நெனைக்காதீங்க, ஆறு மாடி ஜனங்க."

அவர் இறங்கிப் போனதும் நான் மறுபடி எதிர்க்கதவைத் தட்டினேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"படம் முடிஞ்சுடுச்சா?"

"எனக்கு வந்தது கடைசிப் பிரதி இல்லக்கா. சத்தம் இன்னும் சேர்த்துக்கிட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"அந்த விசில் எனக்கு வராது. அண்ணன் வந்ததிலேர்ந்து முயற்சி பண்ணித்தான் பாத்தேன்." அவர் எதையோ யோசித்துத் திரும்பி உள்ளே பார்த்தார். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குறே?" என்றார் அவர், மெதுவாக. "சரக்கு இங்கதானே இருக்கு."

"வேண்டாண்ணே. உன் நோவை எடுத்துப் பேய்க்குக் குடுக்கவா?"

"முப்பது வருஷம் மாவு தின்னதுக்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? நகரு."

திங்கட்கிழமை காலை சிவப்புத் துண்டு ஒழுங்காகக் கட்டப்பட்டது. நான் என் கதவுக்குப் பின்னால் நின்று படிக்கட்டைக் காவல் காத்தேன். அண்ணனை பீரோவுக்குள் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாராம் அக்கா. ஒரு மணி நேரம் இருமலே வரவில்லை! நாள் முழுக்க அடக்கிப் பழகிய நெஞ்சு. "இரும்பு மாதிரி உக்காந்திருக்கியே, இருமேண்ணே" என்று தங்கை கெஞ்ச, "கூப்பிட்டா வர்றதுக்கு அது என்ன நாயா?" என்று அவர் சிரிக்க, அந்தச் சிரிப்பில் பிடித்துக்கொண்டது. சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மூன்று வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

சாயங்காலம் இன்ஜினியர் போன் செய்தாராம். அக்கா எனக்கு அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார். "அக்கா! இருபத்தாறு வருஷத்துல நீங்க குடுத்ததுலயே இதுதான் உச்சம். கடைசியில ஒரு விசில் விட்டீங்க பாருங்க, முதுகுத்தண்டு சில்லிட்டுப் போச்சு. எப்படிக்கா பண்ணீங்க? நாற்பத்தொரு எடத்துலயும் பழசைத் தூக்கிட்டு இதையே போட்டுட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"குடும்ப ரகசியம்னேன்."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படம் வெளியானது. வெளியே போக வழியில்லாத காலம். கட்டடத்தில் அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டார்கள். நான் என் வீட்டில் டிவியைப் போடவில்லை. கதவைத் திறந்து வாசலில் நின்றேன். எதிர்க்கதவும் சங்கிலி அளவுக்குத் திறந்தது.

ஆறு இருபதுக்கு முதல் இருமல். கீழ் மாடியிலிருந்து, மேல் மாடியிலிருந்து, பின்பக்கத்திலிருந்து. ஒரு வீட்டில் அரை நொடி முந்தி, இன்னொரு வீட்டில் அரை நொடி பிந்தி. கட்டடமே இருமியது. ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த விசில். இரண்டாம் மாடியில் யாரோ உண்மையாகவே அலறினார்கள்.

உள்ளே அண்ணன் ஸ்டூலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாருடைய இருமலோ என்பது போல. பிறகு அவருக்கும் வந்தது. இந்த முறை அவர் கையை வாய்க்குக் கொண்டு போகவில்லை. ஊரோடு சேர்ந்து தானும் தாராளமாக இருமினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தமில்லை. வாயைப் பொத்தியிருந்தார், படத்தில் வரும் பெண்ணைப் போலவே.

சனிக்கிழமை காலை டிக்கெட் சார் வந்தார். கூடவே மனைவி.

"நேத்திலேர்ந்து எங்க வீட்டுக்காரரு தனியா பாத்ரூம் போக மாட்டேங்குறாரு" என்று அந்த அம்மா மாடி அதிரச் சொன்னார். "அந்த விசில் இருக்கே! உங்க தொண்டையை இன்சூரன்ஸ் பண்ணி வைங்க."

டிக்கெட் சார் கைகூப்பினார். சொன்னபடி செய்துவிட்டார். ஆனால் கைகூப்பியபடியே அக்காவின் தோளுக்கு மேலாக உள்ளே ஒரு பார்வை போனது. மூடிய பீரோ, கம்பளி, ஆளில்லாத ஸ்டூல். ஸ்டூலுக்கு அடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு இருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார் என்றே இன்றுவரை நினைக்கிறேன். எதுவும் சொல்லாமல் படி இறங்கினார். பார்த்தாரா, பார்த்தும் விட்டாரா, பின்னால் ஒருநாள் எடுக்க வைத்திருக்கிறாரா என்று அடுத்த பத்து ஞாயிறும் நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். வண்டி வரவில்லை.

காய்ச்சல் அடங்கியது. வெளிக்கதவின் பூட்டைக் கழற்றினார்கள். ஒருநாள் விடிகாலையில் அண்ணன் பின்படி வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி, ஒரு பையோடு முன்வாசல் வழியாக முதன்முறையாக 'வந்து சேர்ந்தார்'. அக்கா கீழே நின்று வரவேற்றார். பேருந்து நிலையக் குரலில் எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைத்தார்.

அன்று சாயங்காலம் அவர் முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வெயில் காய்ந்தார். மூன்று மாதத்தில் முதல் வெயில். பெஞ்சில் ஏற்கெனவே டிக்கெட் சாரின் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவருக்கு இருமல் வந்தது. விசிலோடு.

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. டிக்கெட் சாரின் மனைவி நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

"ஐயோ, அந்தப் படத்துல வர்ற மாதிரியே இருமுறீங்களே! தங்கச்சி சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாம்மா" என்றார் அண்ணன். "இன்னும் சரியா வரல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எழுந்தவர்கள் திரும்ப உட்காரவில்லை. ஒருவருக்கு அடுப்பில் ஏதோ இருந்தது, ஒருவருக்குப் போன் வந்தது. கேட்டருகே நின்றிருந்த டிக்கெட் சார் அண்ணனின் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

அக்கா போய் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கும் கண்ணால் இடம் காட்டினார்.

நானும் போய் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டுத்தான்.